வகுப்பினுள் வகுப்பு

வகுப்பு என்றவுடன் மாணவர்க்குக் கரும்பலகையும் வாங்குமே நினைவுக்கு வரும். நாம் ஈண்டுக் கூறப்புகும் வகுப்போ கணினி நிரலில் வருவது. ஒருவகைப் பொருள்களின் பண்பையும் செயலையும் வகுத்துரைப்பது. பி.எச்.பி. என்னும் கணினிமொழியைப் பயிலும் மாணவர் பலர், ஒரு வகுப்பினுள் மற்றொன்றை எங்ஙனம் எடுத்தாள்வது என்று இடர்ப்படக் காண்கின்றோம்.

பழைய மாணவர் சங்கத்துக்கு நிரலொன்று எழுதுவதாகக் கொள்வோம். தரவுத்தளத்தோடு தொடர்புகொள்வது 'இணைப்பு' என்னும் வகுப்பு. உறுப்பினரைப் பதிவது 'பதிவேடு'. சந்தாவை வரவுவைப்பது 'கணக்கு'. பின்னிரண்டுக்கும் இணைப்பு வேண்டும். நிரலின் தொடக்கத்தில் இணைப்புப் பொருளொன்றை ஆக்கிவிட்டாற் பதிவேட்டின் செயல்கள் அதனைத் தாமே கண்டுகொள்ளும் என மாணவர் எண்ணுவர். காணா. பி.எச்.பி.யிற் புறத்தேயுள்ள மாறி செயலினுள்ளே தானாகப் புலப்படாது.

சிலர் பதிவேட்டை இணைப்பின் வழித்தோன்றலாக்கி மரபுரிமை கொடுப்பர். அது பொருந்தாது. பதிவேடு இணைப்பை உடையது. இணைப்பின் ஒருவகை அன்று.

உடைமை என்றதும், ஆறாம் வேற்றுமை படித்தோர்க்குத் தற்கிழமையும் பிறிதின்கிழமையும் நினைவுக்கு வரும். என் கை என்னிற் பிரியாதது. என் குடை பிறர் கைக்கும் போகும் (மாரிகாலத்தில் ஆசிரியர் அறையில் அது அடிக்கடி போவதுண்டு). பதிவேடு தன்னுள்ளேயே 'நியூ' என்னும் சொல்லால் இணைப்பை ஆக்கிக்கொள்வது தற்கிழமை போன்றது. புறத்தே ஆக்கிய இணைப்பை, பதிவேடு பிறக்கும்போதே இயங்கும் ஆக்கச் செயலின் வழியாக ஏற்று, தன் பண்பாக வைத்துக்கொண்டு, தன்னைச் சுட்டும் 'திஸ்' என்னும் சொல்லால் அழைப்பது பிறிதின்கிழமை.

பின்னதே இவ்விடத்துக்கு ஏற்றது. பதிவேடும் கணக்கும் தனித்தனி இணைப்பை ஆக்கிக்கொள்ளின், தரவுத்தளத்துக்கு அவை இருவேறு ஆட்கள். உறுப்பினரைப் பதிந்தபின் சந்தா ஏறாது போயின், இரண்டையும் ஒருசேர நீக்குதல் இயலாது. பணம் வரவில்லாதார் பெயர் பட்டியலில் நின்றுவிடும். ஓர் இணைப்பையே இரண்டுக்கும் கொடுத்தால், இரு வேலையையும் ஒரே பரிமாற்றத்துள் அடக்கலாம். நிறைவேறின் முழுதும் நிறைவேறும், இல்லையேல் முழுதும் நீங்கும்.

2004 ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு வெளிவருமுன் இவ்வழியிலும் ஓர் இடர் இருந்தது. பொருளைக் கையளிக்குங்கால் இயல்பாக அதன் படியே சென்றது. படியிற் செய்த மாற்றம் மூலத்தை எட்டாது. ஐந்தாம் பதிப்பு முதலாகப் பொருளைச் சுட்டும் பிடியே கைமாறுகின்றது. ஆதலின் இருவர் பெறினும் பொருள் ஒன்றே. தொடக்க மாணவர் பண்பை அறிவித்தல், ஏற்றல், இருத்தல் என விரித்தெழுதிப் பழகுதலே நன்று என்பது எம் கருத்தாயினும், 2020 இல் வந்த எட்டாம் பதிப்பில் அவற்றையெல்லாம் ஆக்கச் செயலின் அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் முடித்துவிடலாம்.