சீமைத் தக்காளியின் இலைகளுக்கு நேரிடும் கேடுகளும் அவற்றிற்குப் பரிகாரமும்

ஜவ்வாது மலைப் பிரதேசத்தில் சாமையும் கேழ்வரகும் பிரதான தானியங்களாயிருப்பினும், வீட்டையடுத்த கொல்லையில் பத்திருபது தக்காளிச் செடிகள் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பல உண்டு. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு முதலிய சந்தை ஊர்களுக்குத் தொலைவிலுள்ள சிற்றூராருக்கு அச்செடிகளே அன்றாடக் குழம்புக்கு ஆதாரமாகும். ஆகையால் இலையிற் புள்ளியோ சுருளோ கண்டவுடன், அடிவாரத்துக் கடையில் யாதேனுமொரு மருந்தை வாங்கி வந்து தெளித்துவிடுகிறார்கள். இன்ன கேடு என்று அறியாமல் தெளிக்கும் மருந்தினால் காசு வீணாவதன்றி, சில நாட்களுக்குள் நாமே பறித்து உண்ணும் காயின்மேல் விஷமும் படிகின்றது.

கேட்டைப் பகுத்தறிவதற்குப் பெரும் கல்வி வேண்டுவதில்லை. காலையில், பனி உலருமுன், செடியருகே உட்கார்ந்து, சேதம் அடியிலையில் தொடங்கியதா, நுனிக் குருத்தில் தொடங்கியதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு இலையைத் திருப்பி அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் செய்தால் பெரும்பாலும் காரணம் விளங்கிவிடும்.

அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, வெட்டிய மரத்துண்டில் காணும் வளையங்களைப் போல் ஒன்றனுள் ஒன்றாக வளையமிட்டிருந்து, சுற்றிலும் மஞ்சள் பாய்ந்திருந்தால், அது முன்கருகல் என்னும் பூசண வியாதியாகும். இது கீழிருந்து மேலாக ஏறி இலைகளை உதிர்த்துவிடும். மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது பூசண வித்துக்கள் அடியிலையில் ஒட்டுவதே இது தொடங்கும் வழிகளுள் முக்கியமானது. எனவே செடியைச் சுற்றிச் சாமைத் தாளைப் பரப்பி வைத்தலும், கொம்பு நட்டுச் செடியைத் தூக்கிக் கட்டுதலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை இலைகளைக் கிள்ளிவிடுதலும் மிகுந்த பயன் தரும். தண்ணீரை இலைமேல் கொட்டாமல் வேரில் ஊற்ற வேண்டும்.

பின்கருகல் இதனினும் கொடியது. காவலூர் வானாய்வு நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறதென்றால், அதனைச் சூழ்ந்த ஊர்களின் குளிர்ச்சி ஒருவாறு விளங்கும். மூட்டமும் தூறலும் விடாது நீடிக்கும் நாட்களில், இலையில் வெந்நீர் பட்டாற்போன்ற கரும்பச்சைத் திட்டுக்கள் தோன்றும். அதிகாலையில் அவற்றின் அடிப்புறத்தில் வெண்பூசணம் காணப்படும். சில நாட்களுக்குள் செடி முழுதும் கருகிவிடும். 1845-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்து உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்தது இந்த வியாதியே. இது கண்ட செடியைப் பிடுங்கி ஆழப் புதைக்க வேண்டும்.

இவ்விரு கருகல்களையும் தடுப்பதற்குப் போர்டோ கலவை இன்றும் ஏற்றதே. பத்து லிட்டர் செய்யும் முறையாவது: 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரில் மண் பாத்திரத்திலேனும் பிளாஸ்டிக் வாளியிலேனும் கரைக்க வேண்டும், இரும்புப் பாத்திரம் கூடாது. வேறொரு பாத்திரத்தில் 100 கிராம் புதிய கற்சுண்ணாம்பைத் தாளித்து, 5 லிட்டராக்கி வடிகட்ட வேண்டும். துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்கினால் வானநீலமான கலவை உண்டாகும். தீட்டிய கத்தியை அதில் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். இல்லாவிடில் இலை வெந்துபோகும். அன்றன்றைக்குச் செய்ததையே தெளிக்க வேண்டும். இளஞ்செடிகளுக்குப் பாதி வீரியமே போதும். இக்கலவை வியாதி வராமல் காக்குமேயன்றி, முன்பே கருகிய இலையைப் பச்சையாக்காது. இதனை அறியாமல் மருந்தைப் பழிப்போர் பலர்.

இலைச்சுருளைப் பற்றியே குழப்பம் மிகுதி. கடும் வெயிலிலோ, நீர் மிகுந்தோ, அடியிலைகள் நீளவாக்கில் மேல்நோக்கிச் சுருண்டு தடித்திருப்பதுண்டு. செடி தன் உயரத்தில் குறையாமல் பூத்துக் காய்த்துக்கொண்டிருந்தால், அது வியாதியன்று. ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. நல்ல செடியை இதற்காகப் பிடுங்கி எறிவது பரிதாபம். ஆனால் நுனியிலைகள் சிறுத்து, நெளிந்து, ஓரம் மஞ்சளித்து, செடி குட்டையாகிப் பூ உதிர்ந்தால், அது வைரஸ் என்னும் நுண்கிருமியால் வரும் இலைச்சுருள் வியாதியாகும். செடியை அசைத்தால் மாவு பறப்பதுபோல் எழும் வெள்ளை ஈக்களே இதனைப் பரப்புகின்றன. இதற்கு எந்த மருந்தும் இல்லை. இளமையிலேயே தாக்குண்ட செடி காய் தராது. அது நிற்கும் ஒவ்வொரு நாளும் அண்டைச் செடிக்கு ஆபத்து. நாற்றங்காலை மெல்லிய வலையால் மூடுதலும், மஞ்சள் அட்டையில் ஆமணக்கெண்ணெய் தடவிச் செடிகளிடையே கட்டி ஈக்களைப் பிடித்தலும் தற்காப்பாகும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் என்னும் கலப்பின ரகம் இலைச்சுருளையும் முன்கருகலையும் பாக்டீரிய வாடலையும் எதிர்க்க வல்லது. கலப்பினமாதலால் அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தல் தகாது.

பூச்சிகளுள், இலையில் வெள்ளைக் கோடுகள் பாம்பு ஊர்ந்தாற்போல் வளைந்து சென்றால், அவ்விலைகளைக் கிள்ளி எறிந்தாலே போதும். கோடாயிராமல் அகன்ற வெண்திட்டாகி, உள்ளே கரிய எச்சமும், காயில் ஊசித் துளைகளும் காணப்பட்டால், அது 2014-இல் இந்தியாவில் முதன்முதல் காணப்பட்ட தென் அமெரிக்கத் தக்காளி ஊசிப்புழு என்று ஐயுற வேண்டும். தாக்குண்ட இலை, காய் யாவற்றையும் புதைத்துவிட்டு, மாதிரியொன்றைத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுக.

இலையின் பசுமை சுரண்டப்பட்டுச் சல்லடைபோல் நரம்பு மட்டும் நின்றால், புள்ளி வண்டின் வேலை. மினுமினுப்பான சிவந்த பொறிவண்டு அசுவினியைத் தின்னும் நம் நண்பன், அதனைக் கொல்லலாகாது. மங்கிய செம்புநிறமும் மெல்லிய மயிரும் உடையதே பகைவன். அதன் மஞ்சள் முட்டைக் குவியலை இலையடியில் தேடி நசுக்கி, முள்ளுடைய புழுக்களைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் இடுக. வேலியோரத்துச் சுண்டையையும் மணத்தக்காளியையும் பார்க்க மறக்கலாகாது. அங்கிருந்தே அது மீளுகின்றது.

இப்பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டைச் சாறு முதல் மருந்தாகும். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுதும் நீரில் ஊறவிட்டு, வடிகட்டிச் சிறிது சோப்பு நீர் கூட்டி, மாலை வேளையில் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். கடை மருந்து தவிர்க்க முடியாதெனில், உறையில் அச்சிட்டுள்ள நாட்கள் கழியுமுன் காய் பறிக்கலாகாது.

புள்ளியும் பூச்சியும் இன்றி அடியிலைகள் ஒருசீராக மஞ்சளித்தால், அது எருக் குறைவு. மக்கிய தொழுவுரம் இடுக. நரம்பு பச்சையாயும் இடைவெளி மஞ்சளாயும் இருப்பின், லிட்டர் நீருக்கு 5 கிராம் பேதியுப்பைக் கரைத்துத் தெளிக்கலாம்.

கருகல் கண்ட இடத்தில் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு இவற்றை வையாமல், அவரையோ கீரையோ பயிரிடுக.