வானிலிருந்து நாடி பார்த்தல்

தென்னை மரம் தனக்கு நோய் வந்திருக்கிறது என்று வாய் திறந்து சொல்வதில்லை. மட்டை மஞ்சளாகி, குரும்பை கொட்டி, காய் சிறுத்த பின்னரே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் நோய் அடுத்த மரத்திற்கும் சென்றிருக்கும். கேரள வேர் வாடல் நோய் மலையைத் தாண்டி வந்ததிலிருந்து, ஆனைமலைப் பக்கத்தில் தோப்பு வைத்திருப்போர் வீடுகளில் இதே பேச்சுத்தான். எங்கள் வீடும் அதற்கு விலக்கன்று.

சென்ற ஆண்டு எங்கள் மூன்று ஏக்கர் தோப்பின்மீது டிரோன் ஒன்று அரைமணி நேரம் பறந்தது. இரண்டு நாட்களில் வண்ண வரைபடம் ஒன்று கைக்கு வந்தது. பெரும்பாலான மரங்கள் பச்சை. பதினேழு மரங்கள் சிவப்பு. அப்பா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "நீ இயற்பியல்தானே படிக்கிற? இது என்ன சொல்லுதுன்னு சொல்லு" என்றார். அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நூலகத்திலும் தோப்பிலும் தேடித் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இலையைப் பார்ப்போம். இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையை ஓரளவு திருப்பி அனுப்புகிறது. ஆதலால் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. இது பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களை இலை என்ன செய்கிறது? அவற்றால் இலைக்கு உணவு தயாரிக்க இயலாது. இலையினுள் பஞ்சு போல அமைந்த உயிரணுக்களும் அவற்றிடையே உள்ள காற்று இடைவெளிகளும் அக்கதிர்களைச் சிதறடித்து, ஏறத்தாழப் பாதியை மேலே திருப்பி அனுப்பிவிடுகின்றன. நம் கண்களுக்கு அகச்சிவப்பு தெரியுமானால், தோப்பு பச்சையாக அன்று, கண் கூசும் வேறொரு நிறமாகவே தோன்றும்.

மரம் நலிவுற்றால் இந்தக் கணக்கு மாறுகிறது. பச்சையம் குறையக் குறைய, உறிஞ்சப்படாத சிவப்பு அதிகமாகத் திரும்பி வருகிறது. உள்ளமைப்பு சிதைந்தால் அகச்சிவப்பு குறைகிறது. சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்குச் செல்லும் எல்லையில், அதாவது சுமார் 700 முதல் 750 நானோமீட்டர் வரை, திரும்பும் ஒளி செங்குத்தாக ஏறும். பச்சையம் குறைந்தால் அந்த ஏற்றம் குறுகிய அலைநீளத்தின் பக்கம் சற்று நகரும். நல்ல டிரோன் காமிராக்களில் இந்த எல்லைக்கென்றே தனிக் கண் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இந்த உண்மையை முதலில் பெரிதாகப் பயன்படுத்திக்கொண்டது உழவன் அல்லன், போர்வீரன். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிகளைப் பச்சைத் துணியாலும் பச்சை வர்ணத்தாலும் மறைத்து வைத்தனர். அகச்சிவப்பைப் பதியும் வண்ணப் பிலிமில் உயிருள்ள இலை சிவப்பாக விழும். பச்சை வர்ணம் அவ்வாறு விழாது. மறைவிடம் வெளிப்பட்டுவிடும்! போர் முடிந்தபின் அதே பிலிம் வயலுக்கு வந்தது. 1956-இல் கலிபோர்னியாவில் ராபர்ட் கால்வெல் என்பவர், தானியப் பயிர்களில் தோன்றும் நோய்களை விமானப் படங்களிலிருந்து கண்டறியலாம் என்று எழுதினார்.

நம் நாட்டில் இந்தத் துறை எந்தப் பயிரில் தொடங்கியது என்று தேடியபோது எனக்கே வியப்பாக இருந்தது. தென்னையில்தான், அதுவும் இதே வேர் வாடல் நோயில்தான்! 1970-ஆம் ஆண்டு, பிஷாரத் ராம பிஷாரட்டி என்ற விஞ்ஞானியின் முன்முயற்சியால், கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் சென்று அகச்சிவப்பு வண்ணப் பிலிமில் படம் எடுத்தார்கள். நலமான மரமும் நோயுற்ற மரமும் அப்படங்களில் வெவ்வேறு சாயலில் தெரிந்தன. இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தந்தை என்று இவரைக் குறிப்பிடுவர். சர் சி. வி. ராமனிடம் ஆய்வு பயின்றவர். பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். பிறந்த ஊர் கொல்லங்கோடு. ஆனைமலையிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்! ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் படமெடுத்த நோய்க்கு இன்னும் மருந்து இல்லை. அது எங்கள் தோப்புக்கே வந்துவிட்டது என்பது வேறு கதை.

ஹெலிகாப்டரை அடுத்து வந்தது செயற்கைக்கோள். 1972-இல் அமெரிக்கா அனுப்பிய முதல் லாண்ட்சாட் கோளின் படங்களைக் கொண்டு, பயிரின் நலத்தை ஒரே எண்ணில் சொல்லும் முறையை வகுத்தார்கள். என்.டி.வி.ஐ. என்று அதற்குப் பெயர். பெயர்தான் பயமுறுத்தும், கணக்கு எளிது. திரும்பி வரும் அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அதனை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, செழிப்பான மரம் அகச்சிவப்பில் நூற்றுக்கு 50-உம் சிவப்பில் 5-உம் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். 45-ஐ 55-ஆல் வகுத்தால் 0.82. நலிந்த மரத்தில் 35-உம் 12-உம் என்றால் 0.49. வெறும் மண்ணில் 25-உம் 20-உம் என்றால் 0.11. எங்கள் வரைபடத்தின் பச்சையும் சிவப்பும் இந்த எண்களுக்குப் பூசிய வர்ணமே. மரத்திற்குள் நோய்க்கிருமி இருக்கிறதா என்று எவரும் அதில் பார்க்கவில்லை.

செயற்கைக்கோள் படம் இலவசமாகவே கிடைக்கும்போது டிரோன் எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஐரோப்பியரின் சென்டினல்-2 கோள் தரும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். தென்னையை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நடுகிறோம். ஒரு மரத்தின் பங்கு சுமார் 58 சதுர மீட்டர். ஆகவே ஒரே புள்ளிக்குள் ஏறக்குறைய இரண்டு மரங்களும் இடையிலுள்ள தரையும் கலந்துவிடுகின்றன. நெல்லோ கரும்போ பரந்து கிடக்கும் இடத்தில் அது போதும். எந்த மரம் என்று விரல் நீட்டிக் கேட்கும் தென்னை உழவனுக்குப் போதாது. டிரோனோ சில சென்டிமீட்டர் அளவுள்ள புள்ளியைத் தரும். மட்டைகளைத் தனித்தனியே எண்ணலாம். மேகத்திற்குக் கீழே பறப்பதால் மழைக்காலத்திலும் ஓய்ந்த வேளை பார்த்துப் படம் எடுக்கலாம்.

பறக்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாகச் சென்று, ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் வருமாறு எடுக்கிறார்கள். பிறகு கணிப்பொறி அவற்றை ஒட்டுப்போட்டு ஒரே படமாக்குகிறது. பறக்குமுன் ஒரு சாம்பல் நிறப் பலகையைத் தரையில் வைத்து அதனையும் படமெடுக்க வேண்டும். அந்தப் பலகை எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்பது முன்பே தெரிந்திருப்பதால், அன்றைய வெயிலின் அளவை அதைக்கொண்டு சரிசெய்கிறார்கள். பலகையை மறந்தால், காலையில் எடுத்த படத்தையும் மாலையில் எடுத்த படத்தையும் ஒப்பிட வழியில்லை. காற்றில் மட்டை அசைந்தால் ஒட்டு சரியாக அமையாது என்பது தென்னைக்கே உரிய தொல்லை. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, பச்சை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட இடங்களில் 400 அடி உயரம் வரை முன்அனுமதியின்றிப் பறக்கலாம். தோப்புக்கு அதுவே அதிகம்.

இனி, கணிப்பொறி கற்றுக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். நோய்க்கான இலக்கணத்தை எவரும் அதற்கு எழுதிக் கொடுப்பதில்லை. இது நோயுற்ற மரம், இது நல்ல மரம் என்று பெயர் எழுதிய படங்களை ஆயிரக்கணக்கில் காட்டுகிறார்கள். அது தன்னுள் உள்ள பல இலட்சம் எண்களை வைத்து முதலில் ஏதோ ஒரு விடையைச் சொல்லும். தவறினால் அந்த எண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்துவது போலத்தான். கடைசியில், முன்பு காட்டாத படங்களைக் கொடுத்துத் தேர்வு வைக்கிறார்கள்.

இந்தத் தேர்வில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2016-இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 இலைப் படங்கள். காட்டாமல் ஒதுக்கி வைத்திருந்த படங்களில் இயந்திரம் 99.35 விழுக்காடு சரியாகச் சொல்லிற்று. நம்மில் எவரும் எந்தப் பாடத்திலும் எடுக்காத மதிப்பெண்! ஆனால் அப்படங்கள் யாவும் பறித்த இலையைச் சமமான பின்னணியில் வைத்து எடுத்தவை. வேறு இடங்களில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே இயந்திரம் பெற்றது சுமார் 31 விழுக்காடுதான். இதனை மறைக்காமல் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்காக அவர்களை மெச்ச வேண்டும். ஒரே வினாத்தாளை நெட்டுருப் போட்டவன் வேறு வினாத்தாளைக் கண்டு விழிப்பது நமக்குப் புதிதா என்ன? ஒரு தோப்பில் பயின்ற இயந்திரம் இன்னொரு தோப்பில் என்ன செய்யும் என்பதை, அந்த இன்னொரு தோப்பில் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

வேறொரு கணக்கும் உண்டு. ஆயிரம் மரங்களில் ஐம்பது நோயுற்றவை என்று கொள்வோம். நோயுள்ள மரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறையும், நோயற்ற மரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறையும் சரியாக இனங்காணும் நல்ல இயந்திரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஐம்பதில் 45-ஐ அது பிடித்துவிடும். மீதி 950 நல்ல மரங்களில் 95 மரங்களை நோய் என்று தவறாகச் சொல்லும். ஆக, சிவப்புப் புள்ளி விழுந்த 140 மரங்களில் 95 நல்ல மரங்கள்! இந்தக் கணக்கை அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. காரணம் இருக்கிறது. வேர் வாடல் நோய்க்கு மருந்து கிடையாது. அதனை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரைச் சாறுறிஞ்சும் பூச்சிகள் மரத்துக்கு மரம் சுமந்து செல்கின்றன. நோய் புதிதாகப் பரவும் பகுதிகளில் நோயுற்ற மரத்தை வெட்டி அப்புறப்படுத்தவே சொல்கிறார்கள். நெட்டை மரம் ஒன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். நல்ல மரத்தை வெட்டினால் அத்தனை ஆண்டுகள் போயின; நோய் மரத்தை விட்டுவைத்தால் பக்கத்து மரம் போயிற்று.

ஆகவே தாளை எடுத்துக்கொண்டு, மரமேறும் அண்ணன் ஒருவருடன் தோப்பில் இறங்கினேன். மரங்களுக்கு எண் எழுதி, பதினேழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இந்த நோயின் மெய்யான அடையாளம் மஞ்சள் அன்று. ஓலையின் இதழ்கள் விறைப்பிழந்து உட்புறமாக வளைந்து, விலா எலும்பு போலத் தோன்றும், அதுவே அடையாளம். மஞ்சள் நிறமோ மக்னீசியம் குறைந்தாலும் வரும், வேரில் நீர் தேங்கினாலும் வரும். வாய்க்கால் ஓரத்து ஐந்து மரங்களின் குறை தேங்கிய நீரே. நான்கு மரங்களில் சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016-இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் முதன்முதல் தென்பட்ட அந்த ஈயின் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் படர்ந்து மட்டைகள் கறுத்திருந்தன. இரண்டு, வயது முதிர்ந்து கொண்டை மெலிந்த மரங்கள். இடைவெளியில் தெரிந்த மண்ணை இயந்திரம் மரத்தின் கணக்கில் சேர்த்துவிட்டது. மீதி ஆறில் ஓலை வளைந்திருந்தது. நிறத்தை மட்டும் எண்ணாமல் ஓலையின் வடிவத்தையும் படத்தில் படித்தறிய இயந்திரத்தைப் பழக்கினால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும் என்பது என் எண்ணம். ஆனால் அதற்குக் காட்ட வேண்டிய படங்களுக்குப் பெயர் எழுத, மரமேறுபவரின் கண்தான் வேண்டும்.

அவற்றை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் அந்த அண்ணன் கோக்கோ அடர்ந்த மூலையில் நின்றுவிட்டார். "தம்பி, இந்த ரெண்டையும் ஏன் விட்டுட்டீங்க?" என்றார். அண்ணாந்து பார்த்தேன். இரண்டு மரங்களிலும் நடுமட்டைகளின் ஓலை உள்நோக்கி வளைந்திருந்தது. கீழே செழித்திருந்த கோக்கோவின் பச்சை மேலிருந்து பார்த்த காமிராவை நிறைத்திருக்க வேண்டும். தாளை விரித்துப் பார்த்தேன். அந்த இரண்டு மரங்களும் நல்ல பச்சையாகவே இருந்தன. குறிப்பேட்டில் அவற்றின் எண்களையும் எழுதிக்கொண்டேன். எட்டு மரங்களையும் அந்த மாதமே அப்பா வெட்டினார்.