அகில் எண்ணெய்: நடுமுன் முகர்ந்து பழகுவோம்

“அகர் கன்று நடலாமா சார்?” ஆவடிப் பக்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். முதலில் எண்ணெயை முகர்ந்து பழகுங்க என்பேன்.

நோயில்லாத அகர் மரத்தின் கட்டை வெளுப்பாக, வாசமின்றி இருக்கும். காயத்தில் பூஞ்சை தொற்றினால் கரும்பிசின் ஊறும். கூந்தலுக்குப் புகையூட்டிய அகிலின் மணம் அந்தப் பிசினில்தான். அசாமின் ஹோஜாயில் பிசினேறிய கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடிக்கிறார்கள்.

மணிக்கட்டில் ஒரு சொட்டு வையுங்க, தேய்க்காதீங்க. முதலில் மாட்டுத்தொழுவ நெடி அடிக்கலாம். அது ஊறலில் வந்தது. முகம் சுளிக்காம காத்திருங்க. மெல்ல மெல்லக் கட்டை வாசம், பிறகு இனிப்பு. நல்ல எண்ணெய் மணிக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். மட்டமான கலப்படம் பெரும்பாலும் ஒரே வாசமாக நின்று மறையும்.

கன்று விற்பவரிடம் கேளுங்க: “பிசின் வைக்க என்ன வழி? வாங்குவது யார்?” ஆவணம் பார்க்காமல் வங்கியில் கடன் கொடுத்ததில்லை, கன்றுக்கும் அதே கணக்குதான்.