வெயில் குடித்த ஒயின் எத்தனை வருஷம் தாங்கும்?

பிரான்ஸில் பல குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்தால், அந்த வருட அறுவடையில் உருவான சிவப்பு ஒயினில் சில பாட்டில்களை வாங்கி நிலவறையில் படுக்கவைத்துவிடுவார்கள். பிள்ளை வளர்ந்து ஆளானதும் ஒரு விசேஷ நாளில் திறப்பார்கள். 2003-ம் வருட போர்தோ ஒயினை அப்படி வாங்கி வைத்தவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. இது அதுவரை தாங்குமா?

அந்த வருடம் ஆகஸ்ட்டில் அடித்த வெப்ப அலையில் பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்துபோனார்கள். போர்தோவின் திராட்சைக் கொடிகளும் வதங்கின. அறுவடை வழக்கத்தைவிடச் சில வாரங்கள் முன்னதாகவே தொடங்கிவிட்டது.

போர்தோ சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரு கலவை. மெர்லோ என்ற ரகம் மென்மையையும், கேபர்னே சாவின்யோன் துவர்ப்பையும் கட்டுறுதியையும், கேபர்னே ஃப்ராங்க் மணத்தையும் தரும். வெயில் ஏறினால் பழத்தில் சர்க்கரை ஏறும்; புளிப்பு இறங்கும். சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. ஆகவே ஒயின் காட்டமாகிவிடும். சீக்கிரம் பழுக்கும் மெர்லோவுக்குத்தான் அடி அதிகம். போதாக்குறைக்கு, கடும் வெயிலில் கொடி தண்ணீரைக் காப்பாற்ற இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். தோலில் இருக்கும் துவர்ப்பு முதிராமல் நின்றுவிடும். அதாவது, இனிப்பில் பழம், துவர்ப்பில் காய்!

இதை ருசி பார்த்த நிபுணர்களே முட்டிக்கொண்டார்கள். சாந்தெமிலியோன் ஊரின் 'ஷத்தோ பவி 2003' ஒயினை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் கொண்டாடினார். பிரிட்டனின் ஜான்சிஸ் ராபின்சன் 20-க்கு 12 மார்க்தான் போட்டார். 2004-ல் ஒயின் உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உலர்திராட்சை, அத்திப்பழம் போன்ற அந்தக் கனத்த மணம் ஒருவருக்கு விருந்து, இன்னொருவருக்குத் திகட்டல். என் ஓட்டு ராபின்சனுக்கு. நாக்கில் எச்சில் ஊறவைக்கும் புளிப்பு இல்லாவிட்டால் இரண்டாவது வாய் இறங்காது.

பாதுகாப்பதிலும் அந்தப் புளிப்புதான் முக்கியம். அதுவும் துவர்ப்பும் இருந்தால்தான் ஒயின் பல வருடம் தாக்குப்பிடிக்கும். 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும். கார்க் காயாமல் இருக்கப் பாட்டில் படுத்தே கிடக்க வேண்டும். வெயில் வருட ஒயினை ஒற்றை பாட்டிலாக வாங்கி இருபது வருடம் பூட்டிவைப்பது சூதாட்டம். ஆறு வாங்கி, சில வருடங்களுக்கு ஒருமுறை ஒன்றைத் திறந்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.

2003-ல் எல்லாமே வீணாகிவிடவில்லை. அடியில் களிமண் ஈரத்தைப் பிடித்துவைத்த சாந்தெஸ்தெஃப் பகுதியில் அருமையான ஒயின்கள் வந்தன. 'ஷத்தோ மோன்ரோஸ்' அதற்குப் பெயர்போனது. வெயிலோ திரும்பத் திரும்ப வருகிறது. 2021-ல் போர்த்துகலின் தூரிகா நாசியோனல் உட்பட, சூட்டைத் தாங்கும் புதிய ரகங்களுக்கு போர்தோவில் அனுமதி தந்துவிட்டார்கள்.

2003-ல் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. மெர்லோ அதிகமுள்ள பாட்டில் இன்னும் நிலவறையில் கிடந்தால், முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் தங்கட்டும். மெதுவாக ஊற்றி, கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைப் பாருங்கள். செங்கல் நிறம் வந்திருந்தால், இன்றைக்கே குடித்துவிடுவது நல்லது.