தண்ணீர் தங்கும் இடம்

கட்டுகஸ்தோட்டையில் மாமா வீட்டு முற்றத்தில் பழைய ஜப்பான் கெப் ஒன்று நான்கு வருடமாக ஓடாமல் நின்றது. பின்பக்கம் திறந்த இந்தச் சிறு பார வண்டியை ஊருக்கு ஊர் எப்படி அழைத்தாலும் இலங்கையில் அது கெப்தான். தம்புள்ளையிலிருந்து மரக்கறி மூட்டை ஏற்றிவந்து எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்ட வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025இல்தான். அதற்குள் பழைய இரும்புக்கெல்லாம் பொன்விலை. புதிது வாங்குவது கைக்கு எட்டாத பேச்சாகிவிட, இருப்பதைத் திருத்தி ஓட்டுவோம் என்று மாமா முடிவெடுத்தார்.

மட்காட்டின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சுரண்டி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்தால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் கடைக்குப் புறப்பட்டேன். அன்று வந்த டிங்கர் பாஸ் பெயின்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கதவுக் கண்ணாடியில் ஊற்றிவிட்டு, முழங்காலில் குந்திக் கதவின் அடியைப் பார்த்தார். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

"தம்பி, தண்ணி உள்ள போறது பிரச்சினையில்ல. போன தண்ணி வெளிய வரல பாருங்க, அதுதான் பிரச்சினை."

கார் கதவுக்குள் மழை போகக்கூடாது என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். கண்ணாடி இறங்கி ஏறும் இடுக்கில் இருக்கும் ரப்பர், தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை. உள்ளே இறங்கும் நீர் கதவின் அடியிலுள்ள சிறு துளைகளால் வழிந்துபோகும்படிதான் கதவைச் செய்கிறார்கள். எங்கள் வண்டியில் அந்தத் துளைகளை மண்ணும் மக்கிய இலையும் அடைத்திருந்தன. வருடக்கணக்காகக் கதவு ஒரு தொட்டியாக இருந்திருக்கிறது. அந்தத் தகட்டின் தடிப்போ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு.

துருவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்தோம்: இரும்பும் நீரும் ஒட்சிசனும் சேர்ந்தால் துரு. பிழையில்லை. ஆனால் அந்த வரி, துரு எந்த இடத்தைத் தின்னும் என்று சொல்வதில்லை. வண்டி திருத்துகிறவனுக்கு வேண்டியதோ அதுதான். அதற்கு விடை தந்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ். 1920களில் அவர் செய்து காட்டிய பரிசோதனைக்கு ஒரு துளி உப்புநீரும் மினுக்கிய உருக்குத் தகடும் போதும். துளியின் விளிம்பில் நீர் மெல்லிய படலம். காற்றிலுள்ள ஒட்சிசன் அங்கே சுலபமாகக் கரைந்து தகட்டை அடையும். துளியின் நடுவில் நீர் ஆழம். ஒட்சிசன் வந்து சேரத் தாமதமாகும். இந்த வித்தியாசமே அந்தத் துளியை ஒரு சின்ன மின்கலமாக்கிவிடுகிறது. நடு அனோட்டு, விளிம்பு கதோட்டு. நடுவிலுள்ள இரும்பு இலத்திரன்களை இழந்து அயன்களாகக் கரைகிறது. அந்த இலத்திரன்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடி, அங்கே ஒட்சிசனோடும் நீரோடும் சேர்ந்து ஐதரொட்சைட்டு அயன்களை உண்டாக்குகின்றன. இரண்டு அயனும் சந்திக்கும் இடத்தில், அதாவது நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில், செம்பழுப்பு வளையமாகத் துரு படிகிறது.

இதில் என்னைத் திடுக்கிட வைத்த விஷயம் ஒன்றுண்டு. துரு தெரியும் இடம் ஒன்று, இரும்பு குறையும் இடம் வேறொன்று. வளையத்தைத் துடைத்தால் அதன் கீழே தகடு ஓரளவு நன்றாகவே இருக்கும். பள்ளம் விழுந்திருப்பது ஒட்சிசன் குறைந்த நடுவில்.

இதை வண்டிக்குப் பொருத்திப் பாருங்கள். சில்லுக்கு மேலுள்ள வளைவில் ஒட்டிய சேற்றுக் கட்டி, இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கு, பின்தட்டில் விரித்த ரப்பர் பாய், பட்டியின் அடியில் அரைகுறையாக விட்ட துரு என்று ஈரம் உண்டு, காற்று குறைவு என்ற இடமெல்லாம் அனோட்டுத்தான். காற்றும் வெயிலும் படும் போனெட்டின் மேல் எவ்வளவு துரு தெரிந்தாலும் அது பெரும்பாலும் தோல் நோய். எலும்பு நோய் சேற்றுக்குக் கீழே இருக்கிறது. பாஸ் வாளியைத் தூக்கியதன் அர்த்தம் இதுதான். எவன்ஸின் பெயரை அவர் கேட்டிருக்கமாட்டார். எவன்ஸ் ஆய்வுகூடத்தில் கண்டதை அவர் முப்பது வருடம் வண்டிக்கடியில் படுத்துக் கண்டிருக்கிறார்.

கண்டியின் காற்றும் துருவுக்குத் தோதானது. 1930களில் வெர்னன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டியதும் இரும்பு துருவேறும் வேகம் சட்டென்று கூடுவதைக் காட்டினார். அதற்குக் கீழே உலோகத்தின் மேல் தொடர்ச்சியான நீர்ப்படலம் நிற்காது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடக்கும் இந்த ஊரில் அதிகாலை ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வருடத்துக்கு 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை மழை. மழையே இல்லாத தை மாத விடியலிலும் கெப்பின் கூரையைத் தடவினால் உள்ளங்கை நனையும்.

கடற்கரை தூரம்தானே, உப்புத் தொல்லை இல்லை என்று நினைக்கவும் முடியாது. ஜப்பானின் பனி விழும் பிரதேசங்களில் வீதியில் பனிக்கட்டி உருக உப்பு தூவுவார்கள். அங்கே ஓடிய பழைய வண்டிகள் அந்தக் குளோரைட்டைச் செசியின் இடுக்கில் சுமந்துகொண்டுதான் கப்பலேறுகின்றன. கரையோரத்திலிருந்து மீன் ஏற்றிய வண்டியின் பின்தட்டிலும் அதே கதை. குளோரைட்டு துருவின் நுண்துளைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டால், மேலே என்ன பூசினாலும் அடியில் வேலை தொடரும். அதனால் எங்கள் முதல் இரண்டு நாளும் கழுவுவதிலேயே போயின. நல்ல தண்ணீர், பிரஷ், மறுபடி தண்ணீர். ஒரு பக்கச் சில்லு வளைவில் மட்டும் அரை வாளி மண் வந்தது.

அந்த மண்ணும் துருவும் ஒரே நிறத்தில் இருந்தன. அதில் வியக்க ஒன்றுமில்லை, மலைநாட்டுச் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு ஒட்சைட்டுத்தான். இரும்பு நிலத்தில் இயல்பாக இருக்கும் கோலம் அது. மனிதர் நெருப்பைச் செலவழித்து ஒட்சிசனைப் பிரித்தெடுத்து இரும்பாக்குகிறார்கள். விட்டால் அது மண்ணாகத் திரும்பிவிடும். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி, மலைச்சரிவில் மேற்குப் பார்த்த உலைகளில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அங்கே அகழ்ந்த கில் ஜூலெஃப் 1996இல் 'நேச்சர்' இதழில் அதை எழுதினார். ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தத் தீவுக்கு இரும்பு தந்தது பருவக்காற்று. இரும்பை மறுபடி மண்ணாக்குவது அதே காற்று கொண்டுவரும் மழை.

கழற்றும் வேலைக்கு வருவோம். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். பெயின்ட் கொப்புளிப்பதும் நட்டு இறுகுவதும் அதனால்தான். ஸ்பனரில் குழாயைச் செருகி மிதித்தால் போல்ட் முறிந்து வேலை இரட்டிப்பாகும். 100 மில்லிமீற்றர் உருக்கு, 100 பாகை சூடேறினால் 0.12 மில்லிமீற்றர் அளவே நீளும். துருவின் பிடியில் விரிசல் விழ அந்தச் சொற்பம் போதும். நட்டை மட்டும் சூடாக்கி, ஆறவிட்டு, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருந்து, முதலில் கொஞ்சம் இறுக்கிப் பிறகு தளர்த்தினோம். பெற்றோல் தாங்கிக்கும் பிரேக் குழாய்க்கும் பக்கத்தில் நெருப்பே கூடாது. காலித் தாங்கியில் நிற்கும் ஆவி, நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது.

சின்ன உறுப்புகளைத் தென்னை வினாகிரியில் ஊறவைத்தோம். அசற்றிக் அமிலம் துருவை மெல்லக் கரைக்கும். எடுத்ததும் அப்பச்சோடா கரைத்த நீரில் அலசி உடனே உலர்த்தவேண்டும், இல்லாவிட்டால் கண்முன்னே மறுபடி சிவக்கும். ஸ்பிரிங்கையும் பாரம் தாங்கும் உறுதியான போல்ட்களையும் அமிலத்தில் போடவில்லை. அமிலத்தில் உண்டாகும் ஐதரசன் உருக்குக்குள் ஊடுருவி, அதைச் சொல்லாமல் கொள்ளாமல் முறியவைக்கக்கூடும். பற்றரி சார்ஜரின் எதிர்முனையில் உறுப்பை மாட்டி, சலவைச் சோடாக் கரைசலில் மின்னோட்டம் செலுத்தும் முறையும் உண்டு. அங்கே நேர்முனைக்குப் பழைய சாதாரண இரும்புத் துண்டுதான் வேண்டும். துருப்பிடிக்காத உருக்கை வைத்தால் நச்சான குரோமியச் சேர்மம் கரைசலில் சேரும். சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வரும். வெளிவரும் ஐதரசன் தீப்பற்றும் வாயு என்பதால் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். முழுக்கச் சுரண்ட முடியாத மெல்லிய துருவுக்கு மேல் தடவும் துருமாற்றித் திரவத்தில் பெரும்பாலும் தனிக் அமிலம் இருக்கும். அது துருவோடு சேர்ந்து நீலங்கலந்த கரிய படலமாகும்: இரும்புத் தனேற்று. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். கடுக்காயில் இருப்பது தனின், அன்னபேதி இரும்புச் சல்பேற்று. ஐரோப்பியர் சிந்தூர மரக் கழலையில் எடுத்த மையும் அதுவே. துருவேறிய கேத்தலில் ஊற்றிய சாயத்தண்ணி கறுத்துப்போவதைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த யாரும் பார்த்திருப்பார்கள், அதுவும் இந்தக் குடும்பத்துக் காரியம். ஆசைக்காக, கெட்டியாக வடித்த தேயிலைச் சாயத்தைத் துருப்பிடித்த தகட்டுத் துண்டொன்றில் தடவிவைத்தேன். மறுநாள் காலையில் சிவப்பு, கறுப்பாக மாறியிருந்தது. தேயிலையின் தனின் வேறு வகை, அந்தப் படலம் வண்டியைக் காப்பாற்றும் அளவுக்கு வலுவானதல்ல. என்றாலும் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைச் செய்து பார்க்காமல் எப்படி விடுவது?

துருமாற்றி எதுவும் செதிலாகக் கிளம்பும் தடித்த துருவில் பலிக்காது. திரவம் அடிவரை இறங்காமல் மேற்பரப்பு மட்டும் கறுக்கும். முதலில் சுத்தியலும் வயர் பிரஷும்தான். சில திரவங்களில் சேர்க்கும் பொசுபோரிக் அமிலம் இரும்புப் பொசுபேற்றுப் படலத்தை உண்டாக்கும். டெல்லியில் 1,600 வருடமாக மழையில் நிற்கும் இரும்புத் தூண் அழியாததற்கும் அதன் இரும்பில் மிகுந்திருக்கும் பொசுபரசே முக்கிய காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார்.

வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டிய இடங்களுக்கு நாகம் மிகுந்த அடிப்பூச்சு. நாகம், இரும்பை முந்திக்கொண்டு தன் இலத்திரன்களைக் கொடுத்துவிடும். பூச்சில் கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். 1824இல் ஹம்ஃப்ரி டேவி கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்கச் சொன்ன வழி இது. நம் வீட்டுக் கூரைத் தகரமும் இதை நம்பித்தான் நிற்கிறது. நாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும்; பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டத்தில்தான் பற்றவைக்கவேண்டும்.

செசியில் மட்டும் நாங்கள் கைவைக்கவில்லை. கதவிலும் பின்தட்டிலும் பிழை விட்டால் அழகு கெடும். செசியில் விட்டால் பாரத்தோடு கடுகண்ணாவை இறக்கத்தில் உயிர் போகும். பாஸ் சுத்தியலால் நீளமாகத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமானது. அந்தத் துண்டை வெட்டி மாற்ற வண்டியைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

அடியில் பழைய என்ஜின் ஒயிலைத் தெளித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எரிந்த ஒயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பர் உறுப்புகளை ஊதவைக்கும். முதல் மழையில் வழிந்து மகாவலிக்குப் போகும். கண்டி குடிப்பது மகாவலித் தண்ணீரை. செசிக் குழலின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த பூச்சைத் தெளித்தோம், வடிகால் துளைகளை மட்டும் மூடாமல் பார்த்துக்கொண்டோம்.

வேலை முடிந்தது செப்டெம்பர் கடைசியில். ஒக்டோபர் பிறந்த முதல் வாரத்திலேயே ஒரு பின்னேரம் ஹந்தானைப் பக்கம் கறுத்து, இடி இடித்து, மழை கொட்டியது. வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து நனையவிட்டு, குடையும் டோர்ச்சுமாகக் கதவடியில் குந்தினேன். முதல் துளையிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கியது. இரண்டாவதிலிருந்தும் இறங்கியது. மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை. மாமா ஓலையிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு மழைக்குள் வந்தார்.