வடகாலும் நீரின் வழியும்

வல்லம் வடகால் என்னும் பெயரை இன்று நாம் தொழிற்பேட்டையின் பெயராகவே அறிகிறோம். ‘கால்’ என்பது வாய்க்காலையும் குறிக்கும் சொல். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரியைச் சேர்வதே இவ்வட்டாரத்தின் பண்டைய ஏற்பாடு. மண்தரை கான்கிரீட்டாக மாறுமிடத்து மழைநீர் நிலத்துள் இறங்காது விரைந்தோடும். கோடையில் கிணறு வறளும், பெருமழையில் கீழுள்ளோர் குடில்கள் மூழ்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை எளியோர் பட்ட துயரை நாம் மறத்தலாகாது. 2024 ஆகஸ்டில் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. அவர்தம் பிழைப்பும் நமக்குப் பெரிதே. எனினும் பயன் ஒருவருக்கும் பாதிப்பு மற்றொருவருக்கும் சேர்வது நீதியன்று. ஊரார் கூடி ஏரியையும் காலையும் தூர்வாரிய குடிமராமத்துக் கடமையில் ஆலைகளும் பங்கேற்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.