மாவை அடுக்கடுக்காக அச்சிடும் இயந்திரம்

முறுக்கு உரலில் மாவைத் திணித்துப் பிழியத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இராது. மாவு சற்று இளகிவிட்டால் பிழிந்த முறுக்கு படுத்துவிடும். இறுகிப் போனால் கை வலிக்கும். இழையும் அறுந்து அறுந்து விழும். 'முப்பரிமாண உணவு அச்சு' என்று இன்று பேசப்படும் தொழில்நுட்பத்தின் சிரமமும் பெரும்பாலும் இந்தப் பதத்தில்தான் இருக்கிறது.

இயந்திரத்தின் அமைப்பு எளியது. பிசைந்த மாவு அடைத்த ஒரு குழல், அதன் அடியில் சுமார் 1 மில்லி மீட்டர் துளை, மேலிருந்து தள்ளும் தண்டு, அவ்வளவுதான். ஜாங்கிரி பிழிபவரின் கை செய்யும் வேலையை மோட்டார்கள் செய்கின்றன. ஒன்று இடம் வலமாகவும், ஒன்று முன் பின்னாகவும், மற்றொன்று மேல் கீழாகவும் நகர்த்தும். செய்ய வேண்டிய பண்டத்தின் உருவத்தைக் கணினியில் வரைந்து, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குவது போல, மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் கொள்கிறார்கள். கோலம் இழுப்பது போல முதல் அடுக்கைத் தட்டில் இழுத்து முடித்ததும், குழல் ஓர் இழை உயரம் மேலெழும்பி அடுத்த அடுக்கை அதன் மேல் இடுகிறது.

பிளாஸ்டிக் பொருள்களை இவ்வாறு அடுக்கடுக்காக உருவாக்கும் முறை 1980-களில் அமெரிக்காவில் தோன்றியது. உணவுக்கு அது பின்னரே வந்தது. 2013-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, நெடுந்தூரம் செல்லும் விண்வெளி வீரர்களுக்கு உலர்ந்த பொடிகளிலிருந்து உணவு அச்சிட முடியுமா என்று ஆராய ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. ஜெர்மனியில் மெல்லவும் விழுங்கவும் இயலாத முதியோருக்காக இதை முயன்றனர். வேகவைத்து மசித்த கேரட்டை மீண்டும் கேரட் உருவிலேயே தட்டில் வைத்தால், வெறும் கூழைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்பார்கள் என்பது அவர்கள் கருத்து. இது நியாயமான பயன்.

தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் (2021 முதல் இது 'நிஃப்டெம்' என்று வழங்குகிறது) இத்தகைய இயந்திரத்தை உருவாக்கியுள்ளது. குதிரைவாலி, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, ஓமம் ஆகியவற்றின் கலப்பு மாவில் அவர்கள் தின்பண்டம் அச்சிட்டுப் பார்த்தார்கள். முட்டையைத் தனியே அச்சிட்டால் உருவம் நில்லாது; அரிசி மாவு கலந்ததும் நின்றது.

அரிசி மாவுக்கு இந்த வலு எங்கிருந்து வருகிறது? அதிலுள்ள மாவுச்சத்து நீருடன் சுமார் 70 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும்போது உப்பி, பசையாகிறது. அந்தப் பசை தள்ளும்போது இளகி ஓட வேண்டும்; துளையை விட்டு வெளியே வந்ததும் இறுகி நிற்க வேண்டும். கூம்பிலிட்ட மருதாணி விழுது இதற்கு நல்ல உதாரணம். மாவுச்சத்தில் அமைலோஸ் என்னும் பகுதி 25 சதவீதத்துக்கு மேல் உள்ள அரிசி ஆறியதும் நன்கு இறுகும். அது குறைந்த அரிசி ஒட்டிக்கொள்ளும். எனவே இரண்டு மூன்று ரகம் கலந்த அரிசியை அரைத்தால் இன்றைய மாவுக்குச் சரியாக இருந்த நீர் அளவு நாளைய மாவுக்குச் சரிவராது. தக்காளி விழுது போன்ற நீர்த்த பண்டங்களுக்குக் கொத்தவரை விதைப் பசை போன்றவற்றைச் சேர்த்துத்தான் உருவம் நிற்க வைக்கிறார்கள்.

விளைந்ததை நாமே அச்சிட்டு விற்றால் என்ன என்ற ஆசை சிலருக்கு எழலாம். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1 மில்லி மீட்டர் கனமுள்ள இழையை வினாடிக்கு 10 மில்லி மீட்டர் வேகத்தில் இட்டால், நிமிடத்துக்கு 0.6 கன சென்டி மீட்டர் மாவுதான் வெளிவரும். ஓர் இட்லி அளவுப் பண்டம், அதாவது 30 கன சென்டி மீட்டர், முடிய 50 நிமிடம் ஆகும். வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் 25 நிமிடம். அதற்குள் ஒரு முறுக்குக் கடைக்காரர் ஓர் ஈடல்ல, பல ஈடு எடுத்துவிடுவார்! அச்சிட்ட பின்பும் அவிக்கவோ, உலர்த்தவோ, பொரிக்கவோ வேண்டும். ஆகவே கடன் வாங்கி இந்த இயந்திரத்தை வாங்குவது சிறு விவசாயிக்கு ஏற்றதல்ல. உழவர் குழுக்களுக்கும் இப்போது வேண்டாம்.

ஆனால் மாவு விற்பவருக்கு இதில் கவனிக்க வேண்டிய செய்தி உண்டு. 1 மில்லி மீட்டர் துளையை ஒரு கல் அடைத்துவிடும். தார்ச்சாலையில் உலர்த்திய கேழ்வரகிலும் வரகிலும் பொடிக்கல் சேராமல் இருப்பதில்லை. சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ உலர்த்தி, கல் நீக்கும் இயந்திரத்தில் விட்டு, ஒரே ரகமாகத் தனியே கட்டிவைத்து, நைசாக அரைத்துச் சலித்த மாவையே இத்தகைய வேலைக்கு எடுக்க முடியும். இதே மாவைத்தான் பிஸ்கட், சேமியா தயாரிப்போரும் கேட்கிறார்கள் என்பதால், உணவு அச்சு பரவினாலும் பரவாவிட்டாலும் அந்தச் செலவு வீணாகாது. தஞ்சை நிறுவனத்தில் உணவுப் பரிசோதனைக் கூடமும் தொழில் முனைவோருக்கான பயிற்சி வசதியும் இருக்கின்றன. சிறுதானிய மாவு தயாரிக்கும் குழுவினர் அங்கு சென்று விசாரித்துக் கொள்ளலாம்.